ஒரு மூட்டு கீழே

மார்ச் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை முற்பகலில், செயற்கைக் கை கால்கள் செய்யும் பட்டறை ஒன்றின் மாடிக் கூடத்தில், ஐம்பத்திரண்டு வயதான ஒருவர் தன் கையிலிருந்த குச்சியை ஒரு பொம்மையின் கழுத்திலிருந்து தோளுக்கு இறக்கினார்.

அவர் அகராதி அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். ஜெர்மானிய மொழிகளின் பழஞ்சொற்களுக்குத் தமிழில் வரலாறு எழுதும் பிரிவு அவருடையது. சில மாதங்களாக உடலுறுப்புப் பெயர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கூட வேலை செய்பவர்கள் அவரை ‘அகராதி’ என்றுதான் கூப்பிடுவார்கள். பேச்சு வழக்கில் அந்தச் சொல்லுக்குத் திமிர் என்று இன்னொரு பொருள் இருப்பதும் அதையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

பட்டறை அவருடைய தங்கை வேலை செய்யும் இடம். வெட்டுப்பட்ட காலுக்கு அச்சு எடுப்பது, அந்த அச்சிலிருந்து கால் பொருந்தும் கிண்ணத்தை வார்ப்பது, ரப்பர் பாதத்தை மாட்டி நோயாளியை இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடக்கவைத்து, எங்கே இடிக்கிறது எங்கே உராய்கிறது என்று பார்ப்பது எல்லாம் அவள் வேலை. சர்க்கரை நோயில் முழங்காலுக்குக் கீழே காலை இழந்த அப்பாவுக்கு இப்போதிருக்கும் காலைச் செய்ததும் அவள்தான். அப்பா அவரோடு இருந்தார். அடுத்த தெருவில் தனியாக இருந்த தங்கை தினமும் காலையில் வந்து, அப்பாவின் காலைக் கழற்றி, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள்.

பட்டறையின் ஆண்டு விழாவுக்கு யாரையாவது பேசக் கூப்பிட வேண்டும் என்றதும் தங்கை முந்திக்கொண்டு, “எங்க அண்ணன் இருக்காரு. மூக்கு, முழின்னு எந்தப் பேரைக் கேட்டாலும் அது எங்க பொறந்துச்சுன்னு சொல்லுவாரு” என்று சொல்லியிருக்கிறாள். பட்டறையில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. அவர் மாடிப்படி ஏறியபோது, “மேடத்தோட அண்ணன் வந்தாச்சு” என்று ஒரு குரல் முன்னால் ஓடியது.

பேச்சு நன்றாகத்தான் போனது. பழைய ஜெர்மானியர்கள் பல்லுக்கு வைத்த பெயரின் வேரைத் தோண்டிப் பார்த்தால் ‘தின்பது’ என்று வருகிறது என்றார். கட்டைவிரல் அவர்களுக்கு ‘வீங்கியது’. நுரையீரல் ‘லேசானது’, நாம் நுரையைப் பார்த்தோம், அவர்கள் எடையைப் பார்த்தார்கள். முழங்கைக்கு அவர்கள் சொன்னது ‘முழம் வளைகிற இடம்’. “நாமளும் முழத்தை வெச்சுத்தான் முழங்கைன்னு சொல்றோம். ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கல” என்றார். கூடத்தில் சிரிப்பு. பிற்கால ஜெர்மன்காரர்கள் தலையைக் கிண்ணம் என்று அழைக்கத் தொடங்கினார்கள், நம் மண்டையும் ஒரு காலத்தில் மண்பாத்திரத்தின் பெயர்தான் என்றதும், பின்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரின் மண்டையைத் தட்டி, “காலிப் பாத்திரம் சார்” என்றார்.

முன்வரிசையில் அப்பா புதுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் பார்வை பேசுகிறவர் மேல் இல்லை. ஓரமாக நின்ற மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சற்று முன் வரவேற்புரையில், “இவருக்குக் கால் செஞ்சது இவர் மகளேதான்” என்று மேலாளர் சொன்னபோது எழுந்த கைத்தட்டலில் கலங்கிய கண்ணை இன்னும் துடைத்து முடிக்கவில்லை. அகராதி அதைக் கவனித்தார். கவனித்துவிட்டு மேலே பேசினார்.

மேடையில் ஆளுயரப் பொம்மை ஒன்று நின்றது. புதிதாக வருபவர்களுக்கு மூட்டுகளைக் காட்டிச் சொல்லித்தர வைத்திருப்பது. அதைப் பார்த்ததும் அவருக்கு வாய் ஊறியது.

“இன்னொண்ணு சொல்றேன். பழைய இங்கிலீஷ்ல முழங்கால்ங்கற சொல்லுக்குத் தலைமுறைன்னும் அர்த்தம் உண்டு. அந்த ஜனங்க உறவை உடம்புல எண்ணினாங்க. ஜெர்மானியச் சட்டம் ஒண்ணுல அப்படியே இருக்கு.” குச்சியை எடுத்து பொம்மையின் தலையைத் தொட்டார். “தலையில புருஷன் பொண்டாட்டி. கழுத்துல அவங்க பெத்த அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி. தோள்ல அவங்க பிள்ளைங்க. அப்புறம் முழங்கை, மணிக்கட்டு, விரல் மூட்டுன்னு இறங்கிக்கிட்டே போய் நகத்துல முடியும். நகத்தோட சொந்தம் தீர்ந்துச்சு.”

“நல்ல வேளை, எங்க மாமனார் வீட்டு ஆளுங்க நகத்துலயே நின்னுட்டாங்க” என்றது ஒரு குரல்.

அப்போதுதான் திருப்புளி கையைத் தூக்கினார். முப்பது வருடமாகச் சட்டைப் பையில் திருகாணி முடுக்கும் திருப்புளியோடு திரிகிற மூத்த தொழிலாளி. சொந்தப் பெயரைச் சொன்னால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார் என்பார்கள்.

“சார், ரெண்டு தாய் மக்களா இருந்தா? எங்க வீட்டுல நானும் தம்பியும் அப்படி. அப்பா ஒண்ணு, அம்மா வேற. நாங்க கழுத்துதானே?”

சொல்லாமல் இருந்திருக்கலாம். ‘வீட்டுக்கு வீடு மாறும்’ என்று சிரித்துக் கடந்திருக்கலாம். ஆனால் சட்டத்தில் அதற்கும் பதில் இருந்தது. அது அவருக்குத் தெரிந்திருந்தது.

“இல்ல. அதையும் யோசிச்சு வெச்சிருக்காங்க. அப்பா அம்மா ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் கழுத்து. ஒருத்தர் மாறினா அந்த மூட்டுல நிக்க முடியாது. ஒரு மூட்டு கீழ இறங்கணும்.” குச்சி தோளுக்கு இறங்கியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். குச்சியைத் தோளிலிருந்து எடுத்து, ஓரமாக நின்ற தங்கையை நோக்கி நீட்டினார். “எங்க வீட்டையே எடுத்துக்குங்களேன். நான் கழுத்துன்னா, இவ தோள்.”

சிரிக்கக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். பாதியில் நிறுத்தினார்கள். தங்கைக்கும் அவருக்கும் தாய் வேறு என்பது அந்தப் பட்டறையில் அதுவரை யாருக்கும் தெரியாது. அவள் அதை மறைத்ததில்லை. சொல்லவேண்டிய சங்கதியாக அவளுக்குத் தோன்றியதே இல்லை. மேலாளர் தொண்டையைச் செருமினார். அப்பா குனிந்து, நன்றாகவே இறுகியிருந்த செயற்கைக் காலின் வாரை இன்னொரு தரம் இறுக்கினார்.

கூட்டம் முடிந்ததும் அகராதி தங்கையைத் தேடிப் போனார். அவள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“பேச்சு நல்லா இருந்துச்சு. கீழ சாப்பாடு இருக்கு, சாப்பிட்டுட்டுப் போங்க.”

போங்க. நாற்பது வருடத்தில் அவள் அவரை ‘நீங்க’ போட்டுப் பேசியதில்லை. ‘வாண்ணா, போண்ணா, உனக்கு வேற வேலை இல்லையாண்ணா’ என்பதுதான் அவள் பேச்சு. இப்போது ‘நீ’யும் இல்லை, ‘அண்ணா’வும் இல்லை.

வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் விஷயம் மனைவியின் காதுக்கு எட்டியிருந்தது. முன்னாலேயே வந்துவிட்ட அப்பா வாசலிலேயே சொல்லிவிட்டார்.

“தெரிஞ்சதை எல்லாம் சொல்லியே ஆகணுமா உங்களுக்கு? அந்தத் திருப்புளி என்ன, உங்க வாயைத் திருகியா பதிலை எடுத்தாரு?”

“கேள்வி கேட்டாங்க, உள்ளதைச் சொன்னேன்.”

“உள்ளதைச் சொன்னாராம். அகராதி புடிச்ச மனுஷன்.” மனைவி தட்டை மேசையில் வைத்த வேகத்தில் தண்ணீர் தளும்பியது. “அடுத்த வெள்ளிக்குள்ள அவ பதில் சொல்லணும், ஞாபகம் இருக்குல்ல?”

இருந்தது. அது ஒன்றுதான் இருந்தது. வேறு ஊரில் திறக்கப்போகும் கிளைக்குப் பொறுப்பேற்கச் சொல்லித் தங்கையை மூன்று முறை கேட்டுவிட்டார்கள். மூன்று முறையும், அப்பாவையும் அண்ணனையும் விட்டுவிட்டு எங்கே போவது என்று தட்டிக்கழித்தாள். இது நான்காவது முறை. கடைசி முறை என்றும் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் காலை தங்கை வந்தாள், அப்பாவின் காலைப் பார்த்தாள், களிம்பு போட்டாள், “வர்றேம்ப்பா” என்று போனாள். கூடத்தில் நின்றிருந்த அவரைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தாள். கதவு சாத்திய பிறகுதான் அப்பா அவரிடம் பேசினார்.

“அது எந்தக் காலத்துச் சட்டம்டா?”

“எழுநூறு, எண்ணூறு வருஷம் இருக்கும்ப்பா. உறவை மூட்டுல எண்ணுற வழக்கம் அதுக்கும் முந்தினதா இருக்கலாம்.”

“எழுதினவன் எல்லாம் செத்துட்டானா?”

“செத்துட்டாங்கப்பா.”

“அப்புறம் அவனுக்கு நீ ஏன்டா வக்காலத்து வாங்கற?” அப்பா தொடைமேல் கையை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். “தலையில யாருன்னு சொன்ன?”

“புருஷன் பொண்டாட்டி.”

“எந்தப் பொண்டாட்டி?”

அகராதியின் அம்மா இறந்தபோது அவருக்குப் பத்து வயது. அடுத்த வருடம் சித்தி வந்தாள். அதற்கடுத்த வருடம் தங்கை. சித்தியும் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. கடைசி வரை அவளைச் சித்தி என்றுதான் கூப்பிட்டார். அவள் ஒரு நாளும் வேறு மாதிரி கூப்பிடச் சொன்னதில்லை.

“ரெண்டு பேருக்கும் என் தலையில இடம் இருந்துச்சுடா” என்றார் அப்பா. “உங்கிட்ட ஒரு தங்கச்சிக்குக் கழுத்துல இடம் இல்லாமப் போச்சு.”

அலுவலகத்தில் அவர் இரண்டு நாள் தனக்குச் சாதகமாகச் சாட்சி தேடினார். சகோதரி என்கிற சொல்லை எடுத்துவைத்துப் பார்த்தார். வடமொழியிலிருந்து வந்தது, ஒரே வயிற்றில் பிறந்தவள் என்பது பொருள். அப்படியானால் எல்லோரும்தான் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள், நான் மட்டுமா என்று ஒரு நிமிடம் தெம்பாக இருந்தது. மறு நிமிடமே, வாழ்நாளில் ஒரு தடவைகூட அவளைச் சகோதரி என்று சொன்னதில்லை என்பது உறைத்தது. தங்கச்சிதான். தங்கச்சியில் தாயைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. சித்தி மகளும் தங்கச்சி, பெரியப்பா மகளும் தங்கச்சி. அவர் பேசும் மொழி அவளை ஒரு மூட்டும் இறக்கவில்லை, எங்கோ செத்துப்போனவர்களிடம் சட்டத்தைக் கடன் வாங்கி வந்து அவர்தான் இறக்கியிருக்கிறார்.

அந்தச் சொல்லைத் துருவிக்கொண்டு போனபோது பழைய தமிழ் கையில் அகப்பட்டது. என் தங்கை என்பதற்கு எங்கை, உன் தங்கைக்கு நுங்கை, தன் தங்கைக்குத் தங்கை. மூன்றிலும் மிஞ்சி நிற்பது ‘கை’. அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கழுத்தும் இல்லை, தோளும் இல்லை. தமிழில் தங்கை என்பவள் கை. இதைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தால் போதும் என்று தோன்றியது. அந்தக் ‘கை’ உடம்பில் இருக்கும் கைதானா என்பதற்கு ஆதாரம் கிடையாது, இளையவளைக் குறிக்கும் வேறொரு சொல்லாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்பதும் தெரிந்திருந்தது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்.

வியாழக்கிழமை மதியம் பட்டறைக்குப் போனார். கீழ்த்தளத்தில் பிசின் வாடையும் பிளாஸ்டர் தூசியும். சுவரோரம் பாதங்கள் அளவு வாரியாக அடுக்கியிருந்தன. தங்கை மேசையில் ஒரு வெள்ளை அச்சை இடுக்கியில் பிடித்து அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள். எதிரே திருப்புளி ஒரு முழங்கால் மூட்டை எண்ணெய் விட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். அகராதியைப் பார்த்ததும் எழுந்தார்.

“சார், எனக்குத் தெரியாது சார். சும்மாதான் கேட்டேன்.”

“உங்க மேல தப்பு இல்லீங்க.”

“வீட்டுக்குப் போய்த் தம்பிகிட்ட சொன்னேன். ‘அப்ப நான் தோள்தானே, இனிமே எனக்கு முழுத் துணி எடுத்துத் தர வேண்டாமா, தோளுக்குத் துண்டு போதுமா’ன்னு கேக்கறான்.” சிரிக்க முயன்று, தங்கையின் முகத்தைப் பார்த்து, அந்த முழங்கால் மூட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

“வாங்க. உக்காருங்க” என்றாள் தங்கை.

“ஏன் வாங்க போங்கங்கற?”

“பெரியவங்களை வேற எப்படிச் சொல்றது?”

அவர் உட்கார்ந்தார். முழங்கையை மேசையில் ஊன்ற, சட்டையில் வெள்ளை ஒட்டியது. எங்கை, நுங்கை, தங்கை என்று சொல்லத் தொடங்கினார். முதலில் அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. மூன்றாவது சொல்லுக்கு வந்தபோது அரத்தின் வேகம் குறைந்தது. பிறகு நின்றது.

“அப்ப நான் கழுத்தும் இல்ல, தோளும் இல்ல.”

“இல்ல.”

“கை.” அவள் தன் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் எல்லாம் பிளாஸ்டர். முகம் ஒரு வாரத்துக்குப் பிறகு இளகியது. “நிஜமாவா? இது உறுதியான விஷயமா?”

ஆமாம் என்று ஒரு சொல். அவள் எந்தப் புத்தகத்திலும் போய்ப் பார்க்கப்போவதில்லை. அந்த ஒரு சொல்லில் நாளைய வெள்ளிக்கிழமை தீர்ந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. வாயைத் திறந்தார். போன வாரம் உண்மையைச் சொல்லிக் குத்தியவர், இந்த வாரம் பொய்யைச் சொல்லி ஒட்டப்பார்க்கிறார்.

“உறுதியில்ல” என்றார். “அது வேற கையா இருக்கலாம். வேறன்னுதான் நினைக்கிறேன்.”

அவள் சத்தமாகவே சிரித்தாள். “ஒரே ஒரு பொய், எனக்காக, அதுகூட வரல பாருங்க உங்களுக்கு.”

“அன்னைக்கு நான் சொன்னதுதான் பொய்.”

“சட்டத்துல இல்லையா?”

“சட்டத்துல இருக்கு. ஆனா நான் சட்டத்துக்காகச் சொல்லல. அவர் கேட்டாரு, பதில் சொன்னேன், அது வரைக்கும் சரி. குச்சியை உம்பக்கம் நீட்டினேன் பாரு. அதை எவனும் எழுதி வெக்கல. அப்பா உன்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் ஒரு மணி நேரமாப் பேசறேன், ஒரு தடவை என்னைப் பாக்கல. அம்மா செத்த வருஷத்துல இருந்து உள்ள கிடந்தது எல்லாம் அந்தக் குச்சி முனையில வந்து நின்னுச்சு. உன்னை ஒரு படி இறக்கினா நல்லா இருக்கும்னு இருந்துச்சு. இறக்கினேன்.”

“தெரியும்” என்றாள் தங்கை.

“என்ன தெரியும்?”

“நான் உங்க முகத்தைத்தானே பாத்துக்கிட்டு இருந்தேன். குச்சி என் பக்கம் திரும்பினப்போ நீங்க சந்தோஷமா இருந்தீங்க.”

பக்கத்து அறையில் தேய்க்கும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. அது ஓடி முடியும்வரை அவள் அரத்தில் ஒட்டியிருந்த வெள்ளையைத் தட்டினாள்.

“மன்னிச்சிரு” என்றார்.

“மன்னிச்சாச்சு. அன்னைக்கு ராத்திரியே.” அவள் அச்சின் மேல் விரலை ஓட்டி ஒரு மேட்டைக் கண்டுபிடித்து, பென்சிலால் வட்டமிட்டாள். “கோவத்துல போறேன்னு நினைச்சுக்காதீங்க. மூணு தடவையும் அவங்க கேட்டப்போ, அண்ணனை விட்டுட்டு எப்படிப் போறதுன்னு ஒண்ணு வந்து குறுக்க நிக்கும். இந்தத் தடவை கேட்டாங்க. அது வந்து நிக்குமான்னு பாத்தேன். நிக்கல. அவ்வளவுதான்.”

“அப்பா?”

“அவருக்கு வெட்டின கால் இன்னும் சுருங்கிக்கிட்டுத்தான் இருக்கு. கிண்ணம் மாத்தணும், நான் பக்கத்துல இருந்தாகணும். நேத்துக் கேட்டேன். கூட வர்றேன்னுட்டாரு.”

அவரிடம் அப்பா இதைச் சொல்லவில்லை. அகராதி எழுந்தார். அவள் துணி ஒன்றை எடுத்து அவர் சட்டை முழங்கையில் ஒட்டியிருந்த வெள்ளையைத் தட்டிவிட்டாள். தினமும் ஏழெட்டுப் பேருக்குத் தட்டிவிடுகிற மாதிரி. “காய்ஞ்சா உதிர்ந்துரும்” என்று சொல்லி அரத்தை எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அவள் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஏப்ரல் முதல் வாரத்தில் புதிய கிளையில் பொறுப்பேற்றாள். வாடகை வண்டியில் சாமான்களை ஏற்றியபோது அகராதி கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தார், திருப்புளி மறுபக்கத்தைப் பிடித்தார். அப்பா முன்னிருக்கையில் உட்கார்ந்து போனார்.